ஆள் இறங்கிய காலம், வண்டி ஏறும் காலம்

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கார் ஆலையின் சேஸிஸ் லைனில் நிற்பவருக்குக் காரின் அடிப்பக்கம் புதிதல்ல. பெயின்ட் அடித்து முடித்த கூடு மேலே ஹேங்கரில் தொங்கியபடி வரும். அவர் அதன் கீழே நிமிர்ந்து நிற்பார். பிரேக் குழாய், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் கையை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில் மாட்டப்படும். என்ஜினும் கியர்பாக்ஸும் கீழிருந்து ஏறி உடலோடு சேருகிற இடத்துக்குக் கார் தொழிலில் 'மேரேஜ்' என்று பெயர். மல்லாந்து படுத்துச் செய்யும் வேலை அங்கே கிடையாது.

அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில், வல்லம் பக்கமோ மாத்தூர் பக்கமோ ஒரு லேஅவுட்டில், தவணையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரை டிக்கியில் கிடந்த ஜாக்கியால் தூக்குவார். கோணிச் சாக்கை விரிப்பார். தலை உள்ளே, கால் வெளியே. ஆறு நாள் அவர் தலைக்கு மேல் தொங்கிய வண்டிக்குப் பின்னால் பொறியாளர்களும் ஆய்வுச் சான்றும் எச்சரிக்கை மணியும் இருந்தன. ஏழாம் நாள் அவர் மார்புக்கு மேல் இருக்கும் வண்டியைத் தாங்குவது ஒற்றைத் திருகு. இந்த வட்டாரம் கார் செய்யக் கற்றுக்கொண்ட வேகத்தில், காருக்குக் கீழே போவதை வீட்டில் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், ஏற்கெனவே தெரிந்ததையும் கொஞ்சம் மறந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஏரியும் நெல்லும் மட்டுமே இருந்த நாட்களில் தூக்க வேண்டிய வண்டி மாட்டு வண்டிதான். அச்சுக்கு மசகு போட வேண்டும். மாட்டை அவிழ்த்து, அச்சுக்கட்டைக்கு அடியில் உறுதியான கட்டையை முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுத்து, மசகு தடவி மறுபடி உள்ளே தள்ளுவார்கள். தூக்கிப் பிடிக்கிற நேரம் ஒரு மூச்சுதான். அதன்பிறகு கனம் முழுவதும் முட்டுக்கட்டையின் மேல். தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறொரு வேலை என்பது அந்த வண்டிக்காரருக்குப் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதாக இருக்கவில்லை.

அடுத்து லாரி. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் பட்டை ஒர்க்‌ஷாப்புகளும் பஞ்சர் கடைகளும் வரிசையாக வரும். சென்டர் போல்ட் அறுந்த லாரிக்கு பாட்டில் ஜாக்கி போட்டு, பட்டையைக் கழற்றி, ராத்திரிக்குள் மாட்டி அனுப்பிவிடுவார்கள். அங்கேயும் சேஸிஸுக்கு அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது பழக்கம். கழற்றிய சக்கரத்தைச் சாலையோரம் சாய்த்து வைக்காமல் வண்டிக்கு அடியிலேயே தள்ளிப் படுக்க வைக்கச் சொல்வார் விவரமான டிரைவர். ஜாக்கி விட்டுவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும். நடுவில் ஒரு மனிதனுக்கான இடைவெளி மிஞ்சும். இதைச் செய்யாமல் நசுங்கிப்போன கிளீனர் பையன்களும் உண்டு. அவர்கள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தியாக வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள்.

கார் வைத்திருந்தவர்களுக்கு வேறொரு வழி இருந்தது: குழி. பழைய பங்களாக்களின் கார் ஷெட்டிலும் பெட்ரோல் பங்குகளிலும் பட்டறைகளிலும் சிமென்ட் பூசிய நீளக் குழி ஒன்று இருக்கும். மேலே பலகை மூடியிருக்கும். பலகையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சக்கரம் நிற்கும்படி வண்டியை மெதுவாக ஓட்டி நிறுத்தி, மெக்கானிக் படியிறங்கி உள்ளே போவார். குழியின் சிறப்பு எவ்வளவு எளிமையானது என்பதை நாம் போதுமான அளவு நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டி எங்கேயும் போவதில்லை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கிறது. தூக்காத ஒன்று விழாது.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. அம்பாசடருக்கு அடிப்பக்கத்தில் வரிசையாக கிரீஸ் நிப்பிள்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு கீழே போயே ஆக வேண்டும். போகாவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், முன்பக்கம் முனகும். கியர்பாக்ஸ் ஆயில், பின் அச்சு ஆயில், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் என்று எல்லாமே கீழிருந்துதான். காருக்குக் கீழே போவது அன்று வீர சாகசம் கிடையாது. மாதாந்திரக் கடமை. அதனால்தான் அதற்கென்று ஓர் இடமே கட்டிவைத்தார்கள்.

குழிக்கும் குறை இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நேராகக் குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். மேலே யாராவது பீடி பற்றவைத்தால் கீழே இருப்பவர் பாடு அதோகதி. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளின் பக்கம் இன்னொரு தொல்லை: ஐப்பசி பிறந்தால் குழியில் நிலத்தடி நீர் ஊறும். தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பும் வரும். வசதி குறைந்த சர்வீஸ் ஸ்டேஷன்கள் இதற்கு ஒரு மாற்று கண்டன. இரண்டு கான்கிரீட் சுவர்களைச் சரிவாக எழுப்பி, வண்டியை அதன் மேல் ஏற்றி, அடியில் நின்று தண்ணீர் அடித்தார்கள். நெடுஞ்சாலையில் பழைய 'வாட்டர் சர்வீஸ்' பலகை தொங்கும் இடங்களில் அந்தச் சாய்வு மேடைகள் இப்போதும் நிற்கின்றன.

வண்டியைத் தூக்கிவிட்டு ஆள் நிமிர்ந்து நிற்பது என்கிற யோசனையே அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் 1925-இல் பீட்டர் லுனாட்டி என்பவருக்கு வந்தது. முடிதிருத்தும் கடையில் நாற்காலி சரசரவென்று உயர்வதைப் பார்த்து, இதே வேலையைக் காருக்கும் செய்யலாமே என்று ஹைட்ராலிக் லிஃப்டைச் செய்தார். ஒற்றைத் தூண் தரையிலிருந்து பளபளவென்று எழும்ப, அதன் உச்சியில் கார் நிற்கும் அந்த வகை லிஃப்ட் நம்மூர் பெட்ரோல் பங்குகளுக்கும் வந்தது. சிறுவர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த வட்டாரத்தில் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் மரியாதையோடு கையாண்ட முதல் இடம் எது என்று கேட்டால், ஆலைகளைச் சொல்ல மாட்டேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கைச் சொல்வேன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு மாற்றாக மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த தடம் அது, 1990-இல் திறந்தது. நெம்புகோல் ஜாக்கியை ஒரே அழுத்து அழுத்தி வண்டியைத் தூக்குவதும், தூக்கிய கையோடு ஸ்டாண்டைச் செருகி அதன்மேல் இறக்குவதும் பந்தயக் குழுக்களுக்கு அனிச்சைச் செயல். வேகத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படுவதில்லை.

ஹூண்டாய் 1996-இல் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. 2008-இல் இரண்டாவது ஆலை. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான், 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கண்ணாடிக்கு செயின்ட் கோபெயின், டயருக்கு அப்போலோ. நடுவில் நோக்கியா வந்ததும் போனதும் தனிக் கதை. தூக்கும் கருவிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ஆலைகளில் எழுதப்பட்ட விதி இருந்தது. ஹாயிஸ்டையும் லிஃப்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சங்கிலியையும் கிரேனையும் ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற ஒருவர் முழுமையாகச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி, பேட்ஜ், போஸ்டர் போட்டி எல்லாம் உண்டு. ஆலை வாசலோடு அந்தச் சட்டம் நின்றுவிட்டது. வீட்டு கேட்டுக்குள் நுழைய அதற்கு அதிகாரம் இருக்கவில்லை.

வீடும் மாறிவிட்டது. கார் ஷெட் என்று தனியாக ஒன்று கட்டியவர்கள் போய், முக்கால் கிரவுண்டில் வீடும் படிக்கட்டும் போக மிஞ்சிய இடத்தில் கார் நிற்கிறது. தரையில் பேவர் பிளாக் அல்லது பார்க்கிங் டைல்ஸ். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அடித்தளத்தை மூன்றடி, நான்கடி ஏற்றிக் கட்டுகிறார்கள். விளைவு, கேட்டிலிருந்து தெரு வரை செங்குத்தான சரிவு. வண்டியை வெளியே எடுத்தால் சரிவு, தெருவுக்குப் போனால் சித்திரை வெயிலில் இளகிய தார். ஜாக்கி போடத் தகுதியான தரை, அதாவது சமமான, உறுதியான கான்கிரீட், ஒரு லேஅவுட் முழுக்கத் தேடினாலும் சில வீடுகளில்தான் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் அது கிடைக்கிறது. அங்கே ஆயில் சிந்தினால் சங்கத்துச் செயலாளர் வந்துவிடுவார்.

இன்றைய காருக்குக் கீழே எதற்காகப் போக வேண்டும் என்று நியாயமாகவே கேட்கலாம். கிரீஸ் நிப்பிள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் போகிறார்கள். அளவு தெரியாமல் போட்ட வேகத்தடையில் என்ஜின் கார்டு இடித்துத் தொங்குகிறது. கன்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளத்தில் இறங்கி சைலன்சர் ரப்பர் அறுந்து கடகடவென்கிறது. மழைக்காலம் முடிந்ததும் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி ஒயரைக் கடித்துவிட்டது. வாரன்டி முடிந்த வண்டிக்கு ஆயிலைத் தானே மாற்றினால் காசு மிச்சம். காரணம் எதுவானாலும், அன்று மாதம் ஒருமுறை போனவரைவிட இன்று ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. பழக்கம் இல்லாத கை, பொருத்தம் இல்லாத தரை.

வண்டியின் அமைப்பும் அவருக்குத் தெரியாமல் மாறியிருக்கிறது. லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் முன்னிருந்து பின்வரை இரண்டு கனத்த சேஸிஸ் சட்டங்கள் ஓடும். ஜாக்கியை அதில் எங்கே வைத்தாலும் பெரிய தவறாகிவிடாது. சான்ட்ரோ முதல் இன்றைய சிறிய கார்கள் வரை எல்லாம் ஒற்றைக் கூடு. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் வலுவூட்டிய இடம் இருக்கும். பெரும்பாலும் இரண்டு சிறு வெட்டுகளால் அதை அடையாளம் காட்டியிருப்பார்கள். ஜாக்கி அங்கே மட்டும்தான். நான்கு விரல் தள்ளி வைத்தால் தகடு மடங்கும், ஆயில் பானில் வைத்தால் பான் நசுங்கும்.

அதைவிட முக்கியமானது, வண்டியை எது பிடித்து நிறுத்துகிறது என்பது. அம்பாசடரின் என்ஜின் பின்சக்கரங்களைச் சுழற்றியது. ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். பின்பக்கத்தை முழுசாகத் தூக்கினால் கியர், பிரேக் இரண்டுமே அந்தரத்தில். முன்சக்கரத்துக்குக் கல் வைக்காமல் யாரும் ஜாக்கியைத் தொடாததற்கு அதுதான் காரணம். இன்றைய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுகிறவை. 'கியரில் போட்டிருக்கிறேன், நகராது' என்ற தைரியம் பலருக்கு உண்டு. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிய கணமே அந்தத் தைரியத்துக்கு அர்த்தம் போய்விடுகிறது. டிஃபரென்ஷியலின் வேலையே இரண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்தில் சுழல விடுவது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழன்றுகொண்டால் தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டுகொடுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியின் 'பி'க்கும் இதே கதிதான். அப்போது வண்டியைப் பிடிப்பவை பின்சக்கர ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு வைத்த கட்டையும் மட்டுமே. கட்டை என்றால் ஆப்பு வடிவ மரக்கட்டை. கையில் அகப்பட்ட ஜல்லிக்கல் இல்லை.

டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்காக, எடையும் விலையும் குறைத்துச் செய்த கருவி அது. அடியில் போகாதே என்று அதன் மேலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த கையேடும் அதையே சொல்கிறது. டிராலி ஜாக்கி அதைவிட உறுதியானது, ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. அதன் கை வளைவாக உயர்வதால், தூக்கத் தூக்க ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் உருண்டு இடம் மாற வேண்டும். பேவர் பிளாக் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது, வண்டி இழுபடும். அடியில் அகலமான கனத்த பிளைவுட் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஹைட்ராலிக் என்பதாலேயே இன்னொன்று: உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் அழுத்தம் கசியும். சில சமயம் மெல்ல இறங்கும், சில சமயம் ஒரேயடியாக.

ஆகவே ஸ்டாண்ட். இரும்பு முக்காலியோ நாற்காலியோ போல நின்று, பல்லாலோ பின்னாலோ உயரத்தைப் பூட்டிக்கொள்ளும் எளிய பொருள். வண்டியைத் தூக்கி, வலுவான இடத்துக்கு அடியில் ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி, கனத்தை முழுசாக ஸ்டாண்டுக்கு மாற்ற வேண்டும். பிறகு வெளியே நின்றபடியே வண்டியைத் தோளால் நன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதானால் நாம் உள்ளே போவதற்கு முன்னால் விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல், ஒட்டியும் ஒட்டாமலும் அங்கேயே விட்டுவைப்பது கூடுதல் காப்பு. லாரிக்காரர் சொன்ன கழற்றிய சக்கரம் மூன்றாவது காப்பு. உள்ளே போவதை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நான்காவது. நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே இளக்கிவிட வேண்டும்; தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் ஜாக்கி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டும் கடவுள் இல்லை. 2020-இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பூட்டும் பல் சரியாகக் கவ்வாமல் கனத்தோடு இறங்கிவிடும் குறை. மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றையும், வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டில் மறுபடி வாங்கிக்கொண்டது. குறுக்கே இரும்புப் பின் செருகும் வகையைச் சிலர் விரும்புவதற்கு இதுதான் காரணம். மேலே எழுதியிருக்கும் டன் கணக்கு ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரகடத்துப் பக்கம் ஸ்டாண்டுக்குப் போட்டியாக இருப்பது ஹாலோ பிளாக். இரண்டு மனைக்கு ஒன்றில் கட்டுமானம் நடக்கிறது; ஹாலோ பிளாக்கும் ஃபிளை ஆஷ் செங்கல்லும் அடுக்கி வைத்திருப்பார்கள். நான்கை எடுத்து அடுக்கினால் உயரம் சரியாக வந்துவிடும், பார்வைக்குக் கோட்டைச் சுவர் மாதிரியும் இருக்கும். சுவராக எழுப்பி, கனம் பரவலாக இறங்கும்போதுதான் அவை தாங்கும். காரின் விளிம்பு ஒற்றை இடத்தில் அழுத்தினால் நொறுங்கும். மரம் முறிவதற்கு முன் முனகும். கான்கிரீட் பிளாக் அந்த உபகாரத்தைக்கூடச் செய்வதில்லை.

சேஸிஸ் லைனில் உடலைத் தொங்கவிடுவதற்கு முன் எத்தனை பூட்டு விழ வேண்டும் என்று ஒப்பிக்கத் தெரிந்த இளைஞர்கள் இந்த லேஅவுட்டுகளில்தான் இருக்கிறார்கள். ஹாலோ பிளாக்கை அடுக்குவதும் அவர்களில் சிலர்தான். அறிவுக்குறைவு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆலையில் பாதுகாப்பு என்பது லைன் கொடுக்கும் ஏற்பாடு. பூட்டு விழாவிட்டால் கன்வேயர் நகராது. வீட்டில் நகர்த்துவதற்கும் ஆள் இல்லை, நிறுத்துவதற்கும் ஆள் இல்லை. பட்டறைக் குழிக்குள் இறங்கிய பழைய மெக்கானிக்குக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. அவருக்கு வேண்டிய பாதுகாப்பைக் கொத்தனார் ஏற்கெனவே கட்டிக் கொடுத்துவிட்டார்.

இப்போது இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 2019-இல் கோனா எலெக்ட்ரிக் பூட்டப்பட்டது. 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் அறிமுகமானது. இவற்றின் அடிப்பக்கம் முழுக்கப் பேட்டரிப் பெட்டி. சைலன்சர் இல்லை, மாற்ற என்ஜின் ஆயில் இல்லை. அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனம் அதிகம். தூக்கும் புள்ளிகள் ஓரத்தில் மட்டும். ஜாக்கியின் தலை கொஞ்சம் உள்ளே தள்ளிப் பேட்டரிப் பெட்டியில் பட்டால், மடங்குவது நூறு ரூபாய்த் தகடு கிடையாது, வண்டியிலேயே விலை உயர்ந்த பாகம். ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அதைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருக்கு.

ஸ்டெப்னியும் போகத் தொடங்கிவிட்டது. டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் மூன்றரை டன் வரையிலான வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2020 ஜூலையில் விதியைத் திருத்தியது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஜாக்கி வைப்பதற்கும் காரணம் இல்லை. அப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் ஜாக்கி, ஸ்டாண்ட் இரண்டையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டிக்கியில் ஜாக்கி இருப்பவர் சேர்த்த பணத்தில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஒரு ஜோடி ஸ்டாண்டையே வாங்கலாம். கத்தரி ஜாக்கியால் மெதுவாகத் தூக்கி அதன்மேல் இறக்கிக்கொள்ளலாம். கடைக்காரர் டிராலி ஜாக்கியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். ஸ்டாண்டை நாம்தான் கேட்க வேண்டும்.